கோணிக்குள் வந்த மரப்பாச்சி

தனகோட்டி பிறந்த ஊர் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நிலக்கரிச் சுரங்கம். பள்ளத்தின் அடியில் ராட்சத இயந்திரங்கள் இரவும் பகலும் மண்ணைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஊரை எடுத்தபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது, சிலருக்கு வேலையும் கிடைத்தது. அந்த நிலத்தில் காலமெல்லாம் குனிந்து நாற்று நட்டவர்களுக்கு, குனிந்ததற்குப் பட்டா இல்லாததால், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் ஒரு மேட்டில் குடிசை போட்டார்கள். அந்த மேட்டுக்குக் காலனி என்று பெயர் வந்தது. தனகோட்டிக்கு அப்போது பதினான்கு வயது.

அவளுடைய கணவன் கண்ணையன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிப் போடுகிறவன். பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட். பெல்ட்டுக்கு மேலே கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறவன் பர்மனெண்ட், கீழே நிற்கிறவன் காண்ட்ராக்ட். இரண்டு பேர் மூக்கிலும் ஒரே கரிதான் போகிறது.

தனகோட்டி முதலில் சுரங்கக் கம்பெனியின் நகரியத்தில் வீட்டு வேலை செய்தாள். பத்தாவது பிளாக்கில் அதிகாரிகள் குவார்ட்டர்ஸில் கமலா அம்மாளின் வீடு. கணவர் கோபாலகிருஷ்ணன் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே நான்கு வருஷம் பாத்திரம் தேய்த்தாள். கமலா அம்மாள் நகரியத்து மங்கையர் மன்றத்துக்குச் செயலாளர் ஆனதும் மன்றத்தின் செலவில் காலனியில் ஒரு பால்வாடி தொடங்கினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை, முப்பது பிள்ளைகள். அதற்கு ஆயாவாகத் தனகோட்டியை வைத்தவளும் கமலா அம்மாள்தான். அதைத் தனகோட்டி என்றைக்கும் மறுத்ததில்லை.

ஆறு வருஷம் அந்த அறையைப் பெருக்கினாள், கோதுமைக் கஞ்சி காய்ச்சினாள், மூக்குத் துடைத்தாள், பின்பக்கம் கழுவிவிட்டாள், தனக்குத் தெரிந்த பாட்டையும் தெரியாத கணக்கையும் சொல்லிக் கொடுத்தாள். தொகுப்பூதியம்தான். எண்பத்தொன்றாம் வருஷம் மன்றத்துப் பால்வாடிகளின் ஆயாக்களைக் கம்பெனியே பர்மனெண்ட் ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். பர்மனெண்ட் ஆனால் குடும்பத்துக்கே கம்பெனி மருத்துவமனையில் சீட்டு கிடைக்கும். கண்ணையனின் இருமலுக்கு மந்தாரக்குப்பம் கடைக்காரன் தரும் மருந்தைத் தவிர வேறு ஏதாவது பார்க்கலாம். அதற்கு ஒரு ஃபாரம். ஃபாரத்தில் செயலாளரின் கையெழுத்து வேண்டும். தீபாவளிக்குள் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று கமலா அம்மாள் சொல்லியிருந்தாள். நவராத்திரி முடிந்த வாரம் அது. தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை மன்றத்துப் பெண்கள் காலனிக்கு வந்தார்கள். ஏழைக் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் வழங்கும் விழா. ஒரு ஜீப், இரண்டு கார், மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரு போட்டோக்காரர். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வாரி, சட்டை இல்லாதவனுக்கு அடுத்த வீட்டுச் சட்டையைப் போட்டு, வரிசையாக உட்கார வைத்திருந்தாள் தனகோட்டி.

கமலா அம்மாள் பேசினாள். பொருள் பழையதாக இருக்கலாம், கொடுக்கிற மனசு புதியது என்றாள். உட்கார்ந்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். பிள்ளைகளும், அவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார்கள்.

பிறகு போட்டோ. காரிலிருந்து ஒரு புதுப் பொம்மை வந்தது, கண்ணை மூடித் திறக்கிற பொம்மை. ஒரு புதுப் பந்தும், சாவி கொடுத்தால் ஓடுகிற ரயிலும் வந்தன. முன்வரிசையில் இருந்த மூன்று பிள்ளைகளின் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல்பு மின்னியது. மின்னி முடிந்ததும் மூன்றையும் வாங்கிக் காரில் வைத்துவிட்டார்கள். ரயில் வைத்திருந்த பிள்ளை கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. ஜீப் டிரைவர் ராயப்பன் ஒரு கோணியை இறக்கி மூலையில் வைத்தார். கோணியின் வாய் தைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் ஒரு ரோஜா மாலை. பெண்கள் புறப்பட்டுப் போனார்கள்.

கோணியைப் பிரித்தபோது முதலில் வந்தது வாடை. மூத்திரம் காய்ந்த வாடை, கரப்பான் வாடை, புளித்த பால் வாடை. பஞ்சுக் கரடி ஒன்று, வயிறு கிழிந்து, உள்ளே எலி பிள்ளை பெற்ற அடையாளத்தோடு இருந்தது. தகரக் கார் ஒன்று, சக்கரம் போய், துருப்பிடித்த ஓரம் கத்திபோல. பல் பட்டுப் பட்டு வெடித்த கிலுகிலுப்பை. ஒரு கண் உள்ளே விழுந்துவிட்ட பிளாஸ்டிக் பொம்மை, குலுக்கினால் அந்தக் கண் தலைக்குள் உருண்டு சத்தம் போட்டது. காயும் கட்டையும் இல்லாத தாய அட்டை. யாருடைய வீட்டுக் குழந்தையோ சூப்பிவிட்டு எறிந்த ரப்பர் நிப்பிள், முடி ஒட்டியபடி. தனகோட்டி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஆறு வருஷமாகப் பீயும் மூத்திரமும் அள்ளியவள் அவள். அதில் அவளுக்கு அருவருப்பு கிடையாது, அது குழந்தையுடையது. இது பெரியவர்கள் யோசித்து, பொறுக்கி, தைத்து அனுப்பியது.

அடியில் செய்தித்தாள் பொட்டலங்கள். பிரித்தால் கொலுப் பொம்மைகள். பண்ருட்டியில் செய்த களிமண்ணும் காகிதக் கூழும். மூக்கு உடைந்த செட்டியார். கை போன கிருஷ்ணன், புல்லாங்குழல் மட்டும் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் விரிசல் விட்ட பெண் ஒருத்தி. ஏழு பொம்மை, ஏழும் ஊனம்.

அந்தச் செட்டியாரைத் தனகோட்டிக்குத் தெரியும், கமலா அம்மாள் வீட்டுக் கொலுவில் இருந்தவர். அவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கமலா அம்மாள் வீட்டில் வேலை செய்தபோது ஒரு நவராத்திரியில் பொம்மை ஒன்றின் கை உடைந்தது. கமலா அம்மாள் பதறிவிட்டாள். பின்னமான பொம்மை வீட்டுக்குள் ஒரு பொழுதுகூட இருக்கக்கூடாதாம், இருந்தால் வீட்டில் யாருக்காவது அதே உறுப்பில் குறை வருமாம். காலனிக்குப் போகிற சாலையின் வளைவில் இருக்கிற புங்கமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று தனகோட்டி கேட்டாள். கமலா அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “வேண்டாம் தனகோட்டி. உனக்கும் ஆகாது.”

அன்றைக்கு அந்தச் சொல்லில் ஒரு அன்பு இருந்தது. முட்டாள்தனம்தான், ஆனாலும் அன்பு. எம்.ஏ. படித்த பெண், களிமண்ணின் கை உடைந்தால் மனிதனின் கை உடையும் என்று நம்பினாள். நம்பியதை வேலைக்காரிக்கும் பொருத்திப் பார்த்தாள். இன்றைக்கு அந்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது. பொருத்திப் பார்க்கிற இடம் மட்டும் மாறிவிட்டது.

கடைசிப் பொட்டலம் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. அதற்குள் இரண்டு மரப்பாச்சி, ஆணும் பெண்ணும். செம்மரம், சாண் உயரம், நல்ல கனம். மூக்கு இருந்தது, கை இருந்தது, ஒரு கீறல் இல்லை. காலங்காலமாக எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மரம் கண்ணாடிபோல் இருந்தது. யாரோ ஒருத்தராவது பார்த்துப் பார்த்து நல்லதாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று தனகோட்டி நினைத்தாள். அந்த ஒருத்தருக்காக அவள் மனம் கொஞ்சம் இறங்கியது.

ஏழு கொலுப் பொம்மையையும் மற்றக் குப்பையையும் திரும்பக் கோணியில் போட்டுக் கட்டினாள். மரப்பாச்சிகளை வெந்நீரில் கழுவி, ஆணை ஜன்னலில் வைத்தாள், பெண்ணைச் செல்வியிடம் கொடுத்தாள். செல்வி, செங்கல் சூளைக்குப் போகிற சின்னம்மாளின் மகள். பத்து மாதம். கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்து ஈறு தினவெடுத்துக்கொண்டிருந்த நேரம், தூளியையும் தன் விரலையும் கடித்துக்கொண்டிருந்தாள். மரப்பாச்சியின் தலையை வாயில் வைத்ததும் அழுகை நின்றது. இரண்டு நாளாகத் தூங்காத குழந்தை அதைக் கட்டிக்கொண்டே தூங்கியது.

இரவுச் சோற்றின்போது தனகோட்டி கண்ணையனிடம் கோணியைப் பற்றிச் சொன்னாள். திங்கட்கிழமை பத்தாவது பிளாக்குக்குப் போய்க் கேட்கப் போகிறேன் என்றாள். கண்ணையன் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்:

“ஃபாரத்துல கையெழுத்து ஆவட்டும். அப்பறம் போயி என்னா வேணா கேளு. ஒடஞ்ச பொம்மைக்காவ வாயத் தொறந்து வாழ்க்கைய ஒடச்சிக்காத.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தீபாவளி வரை வாயை மூடிக்கொண்டிருப்பதென்று தனகோட்டி முடிவு செய்தாள். மூடிக்கொண்டும் இருந்திருப்பாள், திங்கட்கிழமை காலை ஜீப் வராமல் இருந்திருந்தால்.

ஜீப்பிலிருந்து கமலா அம்மாள் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்றது. மன்றத்துப் பெண்கள் யாரும் கூட வரவில்லை, ராயப்பன் மட்டும். கோணி எங்கே, பிரித்தாயா, அதில் வேட்டித் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்ததா என்று மூச்சு விடாமல் கேட்டாள். அம்மா அவள் கல்யாணத்துக்குக் கொடுத்த மரப்பாச்சியாம், கொலுவின் மேல்படியில் முதலில் வைக்கிற ஜோடியாம். தனகோட்டி அவற்றைப் பார்த்ததெல்லாம் பட்டும் ஜரிகையும் சுற்றி, தொடாதே என்ற உத்தரவோடுதான். அம்மணமாக வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

“பொட்டலம் மாறிப் போச்சு தனகோட்டி. நல்ல பொம்மைகளோட எடுத்து வைக்கக் கட்டினது அந்தக் கோணியில போயிருச்சு.”

“பிரிச்சுப் பாக்கலீங்களாம்மா?”

“பின்னமானதை யாராவது கையில வச்சுப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்ப்பாங்களா?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போலும். பேச்சை விட்டுவிட்டு அறைக்குள் கண்ணை ஓட்டினாள். ஜன்னலில் ஆண் பொம்மை. பெண் பொம்மை தூளிக்குள், தலை முழுவதும் செல்வியின் வாயில். எச்சில் வழிந்து மரத்தின் மார்பு வரை இறங்கியிருந்தது.

கமலா அம்மாள் ஒரு அடி பின்னால் போனாள். கைக்குட்டையை வாயில் வைத்தாள்.

அந்தக் கைக்குட்டையைத் தனகோட்டி பார்த்தாள். சனிக்கிழமை இதே அறையில், இதே பெண், இதே செல்வியை மடியில் வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாள். மடியில் வைப்பதற்கு முன் பட்டுப்புடவை மேல் ஒரு துண்டை விரித்ததும் தனகோட்டிக்கு நினைவு இருந்தது.

“வாயில வச்சுட்டாளா,” என்றாள் கமலா அம்மாள். “சரி. ரெண்டையும் பேப்பர்ல சுத்திக் குடு. நான் தொடலை.”

உங்களுடையது என்றால் எடுத்துப் போங்கள் என்று தனகோட்டி அமைதியாகச் சொன்னாள். செல்வியின் கையிலிருந்து மரப்பாச்சியை எடுத்தாள். எளிதாக வரவில்லை, விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. குழந்தை அலறியது. கஞ்சி கிண்டுகிற மரக்கரண்டியைக் கழுவிக் கையில் கொடுத்தாள். அது அதைத் தூக்கி எறிந்தது. இரண்டு மரப்பாச்சிகளையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். கமலா அம்மாள் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் தனகோட்டி மூலைக்குப் போய்க் கோணியை இழுத்து வந்தாள்.

“இதையும் எடுத்துக்கினு போயிடுங்க.”

“அது எதுக்கு? அது உங்களுக்குக் குடுத்ததாச்சே.”

“ஏழு பொம்ம இருக்குதுங்க, ஏழும் பின்னம். முன்ன ஒருதரம் உங்க வூட்ல ஒண்ணு ஒடஞ்சப்ப எனக்கும் ஆவாதுன்னு சொன்னீங்க. இப்ப எங்க புள்ளங்களுக்கு ஆவுமாங்க?”

கமலா அம்மாள் சுற்றிலும் பார்த்தாள். வாசலில் காலனிப் பெண்கள் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, இதெல்லாம் அவரவர் நம்பிக்கை என்றாள். உங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரிச் சாஸ்திரமெல்லாம் கிடையாதே, அதனால் உங்களை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னாள்.

தனகோட்டியின் குரல் உயரவில்லை. முப்பது பிள்ளைகளை ஆறு வருஷம் அதட்டாமல் வளர்த்த குரல் அது.

“மூக்கு ஒடஞ்ச பொம்மையால யாருக்கும் ஒண்ணும் ஆவாதுங்க. அது எனக்கே தெரியும். ஆனா நீங்க ஆவும்னு நம்புறீங்க. நம்பிக்கினே குடுத்தீங்க. எனக்கு அதாங்க வவுத்தப் பெரட்டுது.”

கோபம் வந்தால் கமலா அம்மாளின் நகரியத்துப் பேச்சு கழன்று தெற்கத்திப் பேச்சு வெளியே வந்துவிடும். “என்ன ஏட்டி பேசுத? உன் ஃபாரம் என் மேசையிலதான் கிடக்கு, ஞாபகம் இருக்கா?”

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி தனகோட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், போதும் என்பதுபோல. தனகோட்டி கண்ணையனின் இருமலை நினைத்தாள். மருத்துவமனைச் சீட்டை நினைத்தாள். எல்லாவற்றையும் நினைத்துவிட்டு, “ஞாபகம் இருக்குதுங்க,” என்றாள். கோணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய் ஜீப்பின் பின்சீட்டில் போட்டாள். ராயப்பன் தடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சுரங்கத்துப் புகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கமலா அம்மாள் முன்சீட்டில் ஏறினாள். பின்னால் இருக்கிற கோணி முதுகில் பட்டுவிடப் போகிறதே என்று சீட்டின் நுனியில், விழுகிறவள் போல் உட்கார்ந்தாள். ஜீப் போய்விட்டது. செல்வி அழுது அழுது விக்கலோடு ஓய்ந்தாள்.

மாலையில் பிள்ளைகள் பெரிய கூச்சலோடு ஓடி வந்தார்கள். வளைவில் இருக்கிற புங்கமரத்தடியில் புதையல் கிடைத்ததாம். மூக்கில்லாத செட்டியாரை ஒருத்தி இடுப்பில் வைத்திருந்தாள். கையில்லாத கிருஷ்ணனை ஒருத்தன் தோளில் சுமந்தான். தகரக் காருக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தான் இன்னொருவன். பத்தாவது பிளாக் வரைகூட அந்தக் கோணி போகவில்லை. வீட்டு எல்லைக்குள் நுழையக்கூடாதென்று வழியிலேயே தள்ளிவிட்டாள் கமலா அம்மாள்.

பிள்ளைகளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கத் தனகோட்டிக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கி எறிந்துவிடலாம். எறிந்தால் காலையில் குழந்தையின் கையிலிருந்து பிடுங்க வைத்தவளுக்கும் தனக்கும் பிள்ளைகளின் கண்ணில் என்ன வித்தியாசம்? தகரக் காரை மட்டும் வாங்கி, துணி துவைக்கிற கல்லில் அதன் ஓரத்தை வைத்துத் தேய்த்தாள். கூர் மழுங்கும் வரை தேய்த்தாள். இருட்டுவதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டு, வேப்பிலையும் சீயக்காயும் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். வாடை போகவில்லை.

தீபாவளி வந்தது. ஃபாரம் வரவில்லை. யாரும் அவளை வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது மன்றத்தின் வழக்கம் இல்லை. பர்மனெண்ட் உத்தரவு சாமியம்மாள் என்ற பெண்ணின் பேருக்கு வந்தது, அவ்வளவுதான். சாமியம்மாள் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். விஷயம் தெரியாத பெண், நல்ல பெண். எந்தப் பிள்ளைக்குக் கோதுமைக் கஞ்சி ஒத்துக்கொள்ளாது, எது தூங்கும்போது காலைப் பிடித்துவிட வேண்டும் என்றெல்லாம் தனகோட்டி அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் போட்டோ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. புது ரயிலோடு அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தனகோட்டி கட்டட வேலைக்குப் போனாள். நகரியத்தில் புதிய குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மண் சுமந்தாள். காண்ட்ராக்ட்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மந்தாரக்குப்பம் டீக்கடை வாசலில் ராயப்பன் அவளைப் பார்த்து நின்றார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். அன்றைக்குக் கோணியைப் புங்கமரத்தடியில் இறக்கியது தான்தான் என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, மரப்பாச்சி விஷயத்தையும் சொன்னார். கமலா அம்மாள் அதை மஞ்சள் நீரில் மூன்று நாள் ஊற வைத்தாளாம். சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னாளாம். அப்புறமும் கையில் எடுக்க மனம் வரவில்லையாம். அம்மா கொடுத்ததுதான், ஆனாலும் யார் வாயிலோ இருந்ததைக் கொண்டுபோய் மேல்படியில் எப்படி வைப்பது என்றாளாம். திருப்பதிக்குப் போகிறவர்களிடம் புது ஜோடி வாங்கி வரச் சொல்லிவிட்டு, பழைய ஜோடியைச் சுரங்கத்துத் தண்ணீர் போகிற வாய்க்காலில் போடச் சொல்லி அவரிடமே கொடுத்தாளாம்.

“ஏங்க, அத அந்தக் கொழந்தகிட்டயே குடுத்துட்டு வந்திருக்கலாம் இல்ல?” என்று தனகோட்டி கேட்டாள்.

“நெனச்சேம்மா. அம்மாவும் கூடவே வந்து கரையில நின்னுக்கினு இருந்தாங்க. மரந்தானே, மெதக்கும், அப்பறமா எடுத்துக்கலாம்னு பாத்தேன். போட்டதும் கல்லு மாதிரி உள்ள போயிடுச்சி.”

தனகோட்டி கையிலிருந்த டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். செல்விக்கு இப்போது ஆறு பல். அவளுக்கு அந்தப் பொம்மை மறந்தே போயிருக்கும். கமலா அம்மாள் தொடமாட்டாள், வைத்துக்கொள்ளமாட்டாள், குழந்தைக்கும் விடமாட்டாள். தண்ணீருக்குக் கொடுக்க மட்டும் அவளுக்கு மனம் வந்தது.

வாயில் இருந்த டீயைத் தனகோட்டி விழுங்கவில்லை. திரும்பிச் சாக்கடையில் துப்பினாள். கிளாஸைக் கழுவிக் கடைக்காரனிடம் கொடுத்தாள். பிறகு தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு, பாதி எழும்பி நின்ற குவார்ட்டர்ஸை நோக்கி நடந்தாள்.